பொலன்னறுவையில் காண வேண்டியவை

விடுமுறை வந்ததும் நமது பாடசாலைகள் மாணவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். கொழும்பிலிருந்து புறப்படும் பஸ் வண்டிகள் அனுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை என்ற வரிசையில் ஓடி, இரண்டே நாளில் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். மாணவர் கைகளில் கைபேசிப் படங்கள் எஞ்சும். பரீட்சைக்கு உதவக்கூடிய சில அரசர் பெயர்களும் எஞ்சும். அவ்வளவே. அதற்கு மேலாக ஏதேனும் எஞ்ச வேண்டுமாயின் என் செய்தல் வேண்டும் என்ற வினா, ஆசிரியத் தொழிலில் உள்ள எம்மைப் போன்றோரை நெடுநாளாக உறுத்தி வருவதொன்று. கிருலப்பனையில் எம்மிடம் தமிழ் கற்கும் பதினோராந் தர மாணவர் முப்பத்தெட்டுப் பேருடன் பொலன்னறுவைக்குச் சென்று இரண்டு நாட்கள் தங்கிய அனுபவம், அவ்வினாவுக்கு ஒருவாறு விடை தேட எமக்கு உதவியது. அதனையே இங்கு எழுதத் துணிந்தோம்.

இம்மாணவர் யாவர் என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். தந்தை மேசன் வேலை செய்பவர். வெள்ளவத்தையில் புடைவைக் கடைச் சிப்பந்தியாக நிற்பவர். முச்சக்கர வண்டி ஓட்டுபவர். தாய் பிறர் வீட்டில் சமையல் வேலைக்குச் செல்பவர். ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்பவர். சிலருடைய குடும்பங்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவை. சில போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பெயர்ந்தவை. முஸ்லிம் பிள்ளைகளும் உளர். இவர்களுக்கு 'உங்கள் பாரம்பரியம்' என்று ஒன்றைக் காட்டப் புறப்படும் ஆசிரியன், அச்சொல்லின் பொருள் யாதென்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாது இருக்க முடியாது.

பொலன்னறுவை பெருநகரம் அன்று. புகையிரத நிலையமும் சந்தையும் மொத்த வியாபாரக் கடைகளும் கதுருவெலையில் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 4 கிலோமீற்றர் சென்றால், குளக்கட்டின் ஓரமாக ஒரு சிற்றூர். நூதனசாலை, வாடிவீடு, சில தேநீர்க் கடைகள், துவிச்சக்கர வண்டிகளை வாடகைக்கு விடும் சில வீடுகள். அப்பால் எங்கு நோக்கினும் வயல். சூளவம்சம் கூறும் புலத்திநகரமும் சோழர் காலத்து ஜனநாதமங்கலமும் இதுவே. 993ஆம் ஆண்டளவில் இராஜராஜ சோழனின் படைகள் அனுராதபுர அரசை வீழ்த்தியபின் சோழரின் ஈழத்துத் தலைநகராயிருந்து, 1070இல் முதலாம் விஜயபாகுவின் கைக்கு வந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை சிங்கள அரசரின் தலைநகராக விளங்கியது. 1982இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

வழிகாட்டிகள் யாவரும் அரண்மனை இடிபாட்டிலிருந்து தொடங்குவர். நாம் குளக்கட்டிலிருந்து தொடங்கினோம். இதற்குக் காரணம் உண்டு. அரண்மனையின்றியும் குளம் இருந்திருக்கும்; குளமின்றி அரண்மனை ஒரு நாளும் இருந்திராது. பராக்கிரம சமுத்திரம் என்று இன்று நாம் வழங்குவது ஒரே குளம் அன்று. தோப்பாவெவ, தும்புட்டுலுவெவ, எரமுதுவெவ முதலிய குளங்கள் ஒன்றோடொன்று இணைந்த நீர்ப்பரப்பு அது. அம்பன் கங்கையை அங்கமெதில்லை என்னுமிடத்தில் மறித்துக் கால்வாய் வழியாக நீரைக் கொணர்ந்திருக்கின்றனர். கட்டின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். உயரம் ஏறத்தாழ 12 மீற்றர். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 163 பெருங்குளங்களையும் 2,376 சிறுகுளங்களையும் அமைத்தான் அல்லது திருத்தினான் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு.

'அமைத்தான்' என்ற வினைமுற்றிலேயே எமது பாடத்தை ஆரம்பித்தோம். இலக்கணத்தில் இயற்றும் கருத்தா, ஏவுங் கருத்தா என்று இரண்டு உண்டு என்பதை மாணவர் படித்திருக்கின்றனர். கோவிலைத் தச்சன் கட்டினான் என்பதும் அரசன் கட்டினான் என்பதும் உரையாசிரியர் காட்டும் பழைய உதாரணங்கள். அவ்வாறாயின் குளத்தின் இயற்றும் கருத்தா யார் என்று கேட்டோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மேசன் மகனான மாணவன் ஒருவன், "எத்தனை கூடை மண் வேணும் சேர்?" என்று கேட்டான். அதுவே அன்று எழுந்த வினாக்களுள் முதல் நல்ல வினா.

கட்டின் மீதே அமர்ந்து கணக்குப் போட்டனர். கட்டின் சராசரி அகலத்தை உத்தேசமாக 30 மீற்றர் என்று கொண்டால், மண்ணின் கன அளவு 50 இலட்சம் கன மீற்றருக்குச் சற்று மேல். ஒரு கூடைக்கு 20 லீற்றர் மண் என்று கொண்டால், 25 கோடிக் கூடைக்கு மேல். இன்று காணும் கட்டில் இருபதாம் நூற்றாண்டுப் புனரமைப்பின் மண்ணும் கலந்திருக்கிறது; அகலமும் எமது உத்தேசமே; ஆதலால் இது கணக்குப் பயிற்சியேயன்றி ஆராய்ச்சி முடிபன்று என்பதையும் சொல்லி வைத்தோம். எனினும் 25 கோடி என்ற எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்த பிள்ளைகள், அக்கட்டை அதன்பின் வேறு கண்ணால் பார்த்தனர். ஒரு கூடை என்பது ஒரு முறை குனிந்து, ஒரு முறை நிமிர்ந்து, ஒரு முறை நடந்து செல்லும் ஒரு மனிதனின் உடம்பு.

அவ்வுடம்புகளை வேலைக்கு அழைத்த முறைக்கு இராஜகாரியம் என்று பெயர். நிலத்தை அனுபவிப்பவன் அதற்கு ஈடாக அரசனுக்கு உழைப்புக் கொடுக்க வேண்டும். அதில் கொடுமை இருந்தது. ஊர்க்குளத்தை ஊரார் கூடிப் பேணும் ஒழுங்கும் இருந்தது. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி பிரித்தானியர் இராஜகாரியத்தை ஒழித்தபோது, கட்டாய உழைப்பினின்றும் மக்கள் விடுபட்டனர். ஆனால் குளங்களைப் பேணுவதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படாமையால், ஏற்கெனவே நலிந்திருந்த நீர்ப்பாசனம் மேலும் சிதைந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் அத்தவற்றைத் திருத்த எழுந்ததேயாம். பெருங்குளங்களோ காடடர்ந்து, நுளம்பு பெருகி, மலேரியாவின் தாயகமாய்க் கிடந்தன. 1940களில் இக்குளத்தின் புனரமைப்பு நடந்தபோது, டீ.டீ.ரீ. மருந்தின் வருகையும் சேர்ந்தே இப்பிரதேசத்தை மீண்டும் மனிதர் வாழத்தக்கதாக்கியது. தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் நிலமற்ற குடும்பங்கள் இங்கு வந்து குடியேறிக் காடு வெட்டின. ஆகவே இன்று நாம் காணும் நீர்ப்பரப்பு, பன்னிரண்டாம் நூற்றாண்டு உழைப்பாளியும் இருபதாம் நூற்றாண்டு உழைப்பாளியும் சேர்ந்து நமக்கு விட்டுச் சென்றதாகும்.

துருசின் அருகே மாணவரை நெடுநேரம் நிறுத்தி வைத்தோம். இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தில் துவாரமொன்றைத் திறந்தால், நீரின் அழுத்தம் கட்டையே அரித்துக்கொண்டு போகும். இவ்வாபத்தைத் தடுக்கப் பண்டைய இலங்கை நீர்ப்பாசன வல்லுநர் கண்ட உபாயம், சிங்களத்தில் பிசோகொட்டுவ என வழங்கும் கற்கிணறு. குளத்து நீர் நேரே வெளியேறாது இச்சதுரக் கிணற்றுள் புகுந்து, அங்கு அடைப்பினால் அளவுபடுத்தப்பட்டு, வேகந் தணிந்து வெளியே செல்லும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பாக்கர், இதனை ஆராய்ந்து வியந்து எழுதினார். இதை முதலிற் கண்டவன் பெயர் எந்த நூலிலும் இல்லை. அரசரின் பட்டத்து மகிஷியர் பெயர்கள் வரை எழுதி வைத்த நூல்கள், ஒரு நாட்டின் சோற்றுக்கு வழி செய்த இச்சிந்தனையாளனை மறந்துவிட்டன.

கட்டின் வழியே தெற்கு நோக்கி நடந்தால் பொத்குல் விகாரை வரும். ஏட்டுச்சுவடிகள் இருந்த இடம் என்று பெயர் கூறும். அதன் வடக்கே கற்பாறையில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரமான ஓர் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. தாடியும் மீசையும் உடைய ஒரு முதியவர், வெற்று மார்புடன், இரு கைகளாலும் எதையோ தாங்கி நிற்கிறார். அவர் பராக்கிரமபாகு என்பார் சிலர். முனிவர் என்பார் வேறு சிலர். கையிலிருப்பது ஓலைச்சுவடி என்றும் அரச பாரத்தைக் குறிக்கும் நுகம் என்றும் அறிஞர் வாதிட்டு வந்திருக்கின்றனர். முடிவு எதுவாயினும் ஆகுக. அச்சிலையில் முடி இல்லை, மாலை இல்லை, ஆயுதம் இல்லை. இலங்கையின் பழஞ்சிற்பங்களுள் மனித உழைப்பின் கம்பீரத்தை இதைக் காட்டிலும் சிறப்பாகக் காட்டுவது வேறொன்றை நாம் கண்டதில்லை. மாணவருள் பலர் அது புத்தகமே என்றனர். நுகம் என்றவர் இருவர். அவ்விருவரும் மாடு கட்டி உழும் ஊர்களில் பாட்டன்மாரை உடையவர்கள்.

வாடிவீட்டுக்கு அருகே நிசங்கமல்லனின் மந்திராலோசனை மண்டபம் இருக்கிறது. 1187 முதல் 1196 வரை ஆண்டவன் இவன். அங்கிருந்த கற்சிங்காசனம் இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மண்டபத் தூண்களில் யார் யார் எங்கே அமர வேண்டும் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இளவரசனுக்கு ஒரு தூண். அமைச்சருக்கும் சேனைத் தலைவருக்கும் தூண்கள். கணக்கெழுதுவோருக்கும் வணிகர் தலைவருக்குங் கூட இடமுண்டு. உழவனுக்கென ஒரு தூணைக் காணோம். காணாததில் வியப்பில்லை. இதே அரசனுடைய கல்வெட்டுக்கள், வேளாண் குலத்தார் அரசுரிமையை விரும்பலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. ஊருக்குச் சோறிட்டவனை ஆட்சிக்குத் தகாதவன் என்று கல்லில் எழுதி வைத்த காலம் அது. வர்க்கம் என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வெறுஞ்சொல் என்று வாதிடும் நண்பர்கள் இத்தூண்களிடையே ஒரு முறை நடந்து பார்ப்பது நன்று.

தலதா மளுவ என்னும் நாற்கோண முற்றத்தில் கல்பொத்த கிடக்கிறது. ஏறத்தாழ 8 மீற்றர் நீளமும் 25 தொன் நிறையும் உடைய இக்கற்பலகையில் நிசங்கமல்லன் தன் புகழைத் தானே எழுதுவித்தான். தொலைவிலுள்ள மிகிந்தலையிலிருந்து தன் படையின் வலிமை மிக்க ஆட்களால் இக்கல் கொண்டுவரப்பட்டது என்பதையும் அதிலேயே பொறித்தான். நன்றி கூற எழுதவில்லை. பெருமை கூறவே எழுதினான். எனினும் கல்லை இழுத்தவர் இருந்தனர் என்பதற்கு அவ்வரியே சாட்சியாயிற்று. ஆள்வோர் தம்மையறியாது விட்டுச் செல்லும் இத்தகைய சாட்சியங்களை வாசிக்கப் பழக்குவதே வரலாற்றுக் கல்வியின் முதற்படி என்பது எமது துணிபு.

அம்முற்றத்திலேயே தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் காண வேண்டிய வேறொரு கல் நிற்கிறது. அதனை வேளைக்காரர் கல்வெட்டு என்பர். விஜயபாகு புத்தரின் தந்ததாதுவுக்கு இங்கு மாளிகை அமைப்பித்தான். அவன் மறைந்தபின், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பௌத்த சங்கத்தின் மூத்த தேரர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, வேளைக்காரர் என்னும் படையினர் அம்மாளிகையைத் தம் காவலில் ஏற்று, தமது குலம் உள்ளளவும் காப்பதாக உறுதி செய்தனர். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று அப்படையின் பிரிவுகள் அதில் வரிசையாக வருகின்றன. வளஞ்சியர், நகரத்தார் என்ற வணிகரும் வருகின்றனர். அந்த உறுதிமொழியின் மொழி தமிழ். பௌத்தரின் உயிர்நிலையான தந்ததாதுவின் பாதுகாப்புக்குத் தமிழில் ஒரு கல்! எழுத்துக்களுள் சிலவற்றை மாணவர் தாமே கூட்டிப் படித்தபோது அவர்கள் முகத்தில் எழுந்த மலர்ச்சியை இங்கு எழுதிக் காட்ட இயலாது.

ஆனால் அம்மலர்ச்சியுடன் நின்றுவிட்டால் ஆசிரியன் தன் கடமையில் பாதியையே செய்தவனாவான். வேளைக்காரர் கூலிக்குப் போர் செய்த வீரர். அரசரை எதிர்த்துக் கிளர்ந்ததும் உண்டு. அவர்களைச் சமரச சன்மார்க்கத்தின் தூதுவராக நாம் வருணிக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் மொழியும் சமயமும் சேவகமும் இன்று நாம் வகுத்துள்ள வேலிகளுக்குள் அடங்கியிருக்கவில்லை என்பது மட்டும் இக்கல்லால் ஐயமின்றிப் புலப்படுகிறது. அதுவே போதும்.

முற்றத்திலிருந்து வடகிழக்காகச் சென்றால் இரண்டாம் இலக்கச் சிவாலயம். பொலன்னறுவையில் இன்றும் குலையாது நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது இது. சோழ அரசி ஒருத்தியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் எனப் பெயர் பெற்றது. சிறிய கோவில், அடி முதல் முடி வரை கல். சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் சுவரில் உள்ளன. நாம் சென்ற வேளையில் சிங்களப் பெண்மணி ஒருவர் தாமரைப் பூக்களை வைத்து இலிங்கத்தை வணங்கிக்கொண்டிருந்தார். மேசன் மகன் கற்களின் பொருத்துகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சுவரைச் சுற்றி வந்தான். சாந்து இல்லாமல் இவ்வளவு நெருக்கமாகக் கல்லை இழைத்தவன் தன் தகப்பனிலும் கெட்டிக்காரன் என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் செய்யக்கூடிய மரியாதை இதனினும் பெரிது எது?

அவ்விடத்தில்தான் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், இது எங்கடையா, அவையின்ரையா?"

அக்கேள்வி ஒரு பிள்ளையின் கேள்வி மட்டும் அன்று. இந்நாட்டின் அரசியல் முக்கால் நூற்றாண்டாகக் கேட்டு வந்த கேள்வி அது. தொல்பொருள் என்ற பெயரால் ஒரு மேட்டை உரிமை கொண்டாடுவோரும், அதற்கு எதிராக வேறொரு மேட்டை உரிமை கொண்டாடுவோரும் இன்றும் அதையே கேட்டு நிற்கின்றனர். இதற்கு 'நம்முடையது' என்று விடை சொல்லியிருந்தால் பிள்ளைகள் மகிழ்ந்திருப்பர். சோழன் பெருமை பேசினால் மகிழாத தமிழ்க் கூட்டம் ஏது? ஆயினும் நாம் வேறு விதமாகவே விடை கூறினோம்.

இக்கோவிலை எழுப்பிய அரசு, இந்நாட்டை வாளால் வென்ற அரசு. அனுராதபுரத்து விகாரைகளைச் சோழப் படை கொள்ளையிட்டது என்று சூளவம்சம் முறையிடுகிறது. அதனைப் பகைவர் கூற்று என்று தள்ளினாலும் தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டைத் தள்ள முடியாது. ஈழத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து தஞ்சைக் கோவிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் செல்ல வேண்டும் என்று இராஜராஜனே அங்கு எழுதுவித்திருக்கிறான். அந்நெல்லை விளைவித்தவன் தஞ்சையைக் கண்டிருக்க மாட்டான். அவன் பேசிய மொழி சிங்களமாயினும் தமிழாயினும், அவனுக்கு நேர்ந்தது ஒன்றே. நம் முன்னோர் என்று நாம் யாரைக் கொள்வது? நெல்லைப் பெற்ற அரசனையா, நெல்லைக் கொடுத்த உழவனையா? முச்சக்கர வண்டி ஓட்டுபவரின் மகளுக்கு எவருடன் உறவு அதிகம்? இவ்வினாவைத் திருப்பிக் கேட்டுவிட்டு நடந்தோம்.

விடையின் மறுபாதி வடக்கே இருந்தது. கல் விகாரையைத் தாண்டிச் சென்றால், மரங்கள் செறிந்த ஒரு குன்று போல் தோன்றும் இடிபாடு உண்டு. சிங்களத்தில் அதற்கு தெமள மகாசேய என்று பெயர். தமிழ்ப் பெருந்தாதுகோபம் என்பது பொருள். பராக்கிரமபாகு பாண்டிநாட்டின் மீது படை அனுப்பினான். அங்கிருந்து சிறைப்பிடித்துக் கொணர்ந்த தமிழரைக் கொண்டு இத்தாதுகோபத்தை எழுப்பத் தொடங்கினான் என்று சூளவம்சம் கூறும். மிகப் பெரிதாக எழுப்பக் கருதிய அது முற்றுப்பெறவில்லை. போருக்குப் போகும்போது வீடு திரும்புவோம் என்று சொல்லிப் புறப்பட்ட மதுரைப் பக்கத்து ஏழை உழவன் ஒருவன், மொழி தெரியாத நாட்டில், தான் வணங்காத தெய்வத்துக்குச் செங்கல் சுமந்து மடிந்திருப்பான். அவனுக்காக எந்தப் பரணியும் பாடப்படவில்லை. வென்ற அரசன் கட்டினான் என்று நாம் பாடநூலில் எழுதுகிறோம். தோற்றவனுடைய தோளில்தான் கல் ஏறியது. சோழன் வென்றபோதும் பராக்கிரமபாகு வென்றபோதும் இது மாறவில்லை. மாணவி அக்குன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி அக்கேள்வியைக் கேட்கவில்லை.

கல் விகாரையைப் பற்றி எழுதாதார் இல்லை. ஒரே கருங்கற் பாறையில் குடைந்த அவ்வுருவங்களுள், நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீற்றர் உயரம். கிடக்கும் உருவம் ஏறத்தாழ 14 மீற்றர் நீளம். கிடக்கும் புத்தரின் தலை பதிந்த இடத்தில் தலையணை சற்றே அமுங்கியிருப்பதைக் காட்டினோம். கல்லை மெத்தென்று காட்ட வல்ல அக்கையின் பெயரும் நமக்குத் தெரியாது. அவ்வாறே இங்குள்ள சிவாலய இடிபாடுகளிடையே 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் அகழ்ந்தெடுத்த நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளும் பெயரற்றோர் படைப்புக்களே. அவற்றைக் கொழும்பு நூதனசாலையில் காணலாம். சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இச்சிற்பங்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தவரும் அவரே. கலையை நேசித்தலும் உழைப்பாளியை நேசித்தலும் ஒரே மனத்தில் தங்கக் கூடும் என்பதற்கு அப்பெரியார் ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாம் நாள் இடிபாடுகளை விட்டு வயலுக்குச் சென்றோம். எமது தங்குமிடத்தார் மூலம் அறிமுகமான முதிய விவசாயி ஒருவர், வாய்க்கால் ஓரத்து மருதமர நிழலில் பிள்ளைகளை இருத்திப் பேசினார். சிங்களம் நன்கறிந்த இரு மாணவர் மொழிபெயர்த்தனர். பிள்ளைகள் அவரை 'மாமா' என்றனர். அவர் அவர்களைப் 'புத்தே' என்றார். மாமா என்ற சொல் இரு மொழிக்கும் பொது. அவர் சொன்ன 'வெவ'வும் மட்டக்களப்பார் சொல்லும் 'வாவி'யும் ஒரே வேரிற் பிறந்தவை. இதனை நாம் சொன்னபோது முதியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிக்க முடியாத செய்திகளே அவரிடம் அதிகம் இருந்தன. அவருடைய தமையனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரு நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெற்று, ஈற்றில் இறந்து போனார். பக்கத்து வீட்டில் இருவருக்கு அந்நோய். வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் பெருந்தொகையான விவசாயிகளை வாட்டி வரும் சிறுநீரக நோய் இது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ காரணமன்று. கிணற்று நீரின் கடினமும் புளோரைட்டும், பீடைநாசினிகளும், வெயிலில் நீரின்றி உழைத்தலும் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அறிவியலாளர் இன்னும் ஒருமித்த முடிபுக்கு வரவில்லை. 2021இல் சீன உதவியுடன் கட்டப்பட்ட சிறுநீரகச் சிறப்பு மருத்துவமனை பொலன்னறுவையில் திறக்கப்பட்டது. ஊர்தோறும் நீரைச் சுத்திகரித்து விற்கும் நிலையங்கள் நிற்கின்றன. உலகம் வியக்கும் நீர்ப்பாசனத்தின் வாரிசு, குடிக்கும் நீரைப் போத்தலில் அளந்து வாங்குகிறான்! 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்தபோது விளைச்சல் விழுந்ததையும், அறுவடை நாளில் நெல்லுக்கு விலை விழுந்து, அரிசி கடைக்கு வரும்போது மாத்திரம் விலை ஏறுவதையும் அவர் சொன்னார். தஞ்சைக்கு நெல் அளந்தவனும் ஆலைக்கு நெல் அளப்பவனும் எம் கண்ணில் ஒரே வரிசையில் நின்றனர்.

வேறு ஒன்றையும் மாணவருக்கு மறைக்காது சொல்லவேண்டியிருந்தது. 1958 மே மாதம் இப்பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தேடித் தாக்கப்பட்டனர். பொலன்னறுவை, ஹிங்குராக்கொடை அரசாங்கப் பண்ணைகளில் தமிழ்த் தொழிலாளர் கரும்புத் தோட்டத்துள் ஒளிந்த இடத்திலும் கொல்லப்பட்டனர். 1992 ஏப்ரல் 29இல், இதே மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அன்றே கரப்பளையிலும் முத்துக்கல்லிலும் தமிழ் மக்கள் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டனர். மாண்டோர் யாவரும் உழுது உண்ட ஏழைகள். இவ்விடங்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை. எமது மாணவருள் மூவினத்துப் பேச்சையும் அறிந்த பிள்ளைகள் உளர். மூன்று பக்கத்துத் துயரையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கற்பிக்கும் ஆசிரியன் அடுத்த கலவரத்துக்கு ஆள் திரட்டுபவனாவான்.

ஆசிரிய நண்பர்கள் பொலன்னறுவை செல்வாராயின் இவ்வாறு செய்து பார்க்கலாம். குளக்கட்டில் விடியற்காலை தொடங்குக. கூடைக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். பின்னர் பொத்குல் சிலை, மந்திராலோசனை மண்டபம், நூதனசாலை. வெயில் ஏறுமுன் நாற்கோண முற்றம். அங்கு வேளைக்காரர் கல்லுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குக. மாலையில் வானவன்மாதேவி ஈச்சரம், கல் விகாரை, தெமள மகாசேய என்ற வரிசையிற் செல்க. இவ்வரிசையை மாற்ற வேண்டா. மறுநாளைக் கட்டாயமாக வயலுக்கும் மனிதருக்கும் விடுக. சிங்களம் தெரிந்த மாணவனை மொழிபெயர்க்கச் சொல்லுக. ஆசிரியர் இடையில் பேசாதிருக்க. 'கட்டியவர் யார், சுமந்தவர் யார், உண்டவர் யார்' என்ற மூன்று வினாக்களை ஒவ்வோரிடத்திலும் எழுதச் செய்க.

இக்கண் ஒருமுறை திறந்துவிட்டால், அதற்கு இருநூறு கிலோமீற்றர் பயணம் தேவையில்லை. திரும்பி வந்த அடுத்த கிழமை, மேற்படி மூன்று வினாக்களையும் தத்தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஓரிடத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னோம். சிலர் கிருலப்பனைக் கால்வாயைப் பற்றி எழுதினர். கேள்வி கேட்ட மாணவி ஹவ்லொக் வீதியைப் பற்றி எழுதினாள். இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கும் அந்நிலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கு தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்களவரும் மலையாளிகளும் ஒருங்கே உழைத்த அவ்வாலையில், இனத்தின் பெயரால் தொழிலாளரைப் பிரிக்கவும் அன்றே முயன்றனர். இவற்றையெல்லாம் அவள் நூலகத்தில் தேடி எழுதியிருந்தாள். அவ்வாலையின் நினைவாக அங்கு ஒரு கல்லும் நாட்டப்படவில்லை என்று கட்டுரையை முடித்திருந்தாள். நாம் அதன் கீழே புள்ளியை இட்டுவிட்டு, அக்கட்டுரையை வகுப்பில் உரக்க வாசிக்குமாறு அவளிடம் கொடுத்தோம்.